கேஸ் பிரசன்டேஷனுக்கு எப்படித் தயாராவது? கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி கேட்டது இது: வீடு பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார், கோவையில் எம்.பி.ஏ. முடித்தாயிற்று. மற்ற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் இரண்டு சுற்று தாண்டிவிட்டார். கடைசிச் சுற்று 'கேஸ்', அதாவது ஒரு தொழிலின் சிக்கலைக் கொடுத்துத் தீர்வு சொல்லச் சொல்வார்கள். அதற்கு முப்பது பக்கத் தகவல் கட்டு ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். ஆறாவது நாள் இருபது நிமிடம் பேச வேண்டும், அப்புறம் இருபது நிமிடம் கேள்விகள். ஐந்து ஸ்லைடுக்கு மேல் கூடாது. "எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை அண்ணா" என்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டை யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும் வேண்டாம். ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டுதான் அதை வாங்கியிருப்பீர்கள். கன்சல்டிங் வேலையில் பாதி அடுத்தவர் ரகசியத்தைக் காப்பதுதான். அதனால் உங்கள் கேஸைத் தொடாமல், நம் ஊர்ப் பக்கத்துக் கேஸ் ஒன்றை நானே கட்டி, அதை வைத்துச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடம் பெங்களூரிலும் சென்னையிலும் இந்த வேலையில் இருந்தேன். கடைசி ஐந்தாறு வருடம் ஆள் எடுக்கும் குழுவிலும் உட்கார்ந்தேன். இப்போது வண்ணாமடைப் பக்கம் தென்னந்தோப்பு. ஆகவே கேஸும் தேங்காய் எண்ணெய்தான்.

கோபாலபுரம் எல்லையில், தமிழ்நாட்டுப் பக்கம், ஒருவர் எண்ணெய் மில் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். கொப்பரை வாங்கி ஆட்டி, எண்ணெயை மொத்தமாகக் கேரள வியாபாரிகளுக்கு விற்கிறார். வாங்குகிறவர்கள் தங்கள் பெயரை ஒட்டிப் பாட்டிலில் விற்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறு எரிகிறது. "பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் மூன்று மாவட்டத்திலும் நானே சொந்த பிராண்டு இறக்கலாமா? பாட்டில் நிரப்பும் மெஷினுக்கு 90 லட்சம் ஆகும். போடலாமா வேண்டாமா?" இதுதான் கேள்வி.

கேள்வியை இன்னொரு தரம் படியுங்கள். "கேரளத் தேங்காய் எண்ணெய்ச் சந்தை எப்படி இருக்கிறது?" என்று அவர் கேட்கவில்லை. "போடலாமா வேண்டாமா?" என்று கேட்கிறார். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் கேள்விக்கு அழகாகப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதைக் கடைசி ஸ்லைடில் ஓர் ஓரமாக வைப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். என் முதல் கடைசிச் சுற்றுக்கு 14 ஸ்லைடு கொண்டுபோனேன். ஒரு தொழிலில் போட்டி எப்படி என்று பார்க்க மைக்கேல் போர்ட்டர் 1979-ல் எழுதிய ஐந்து சக்திகள் இருந்தன, பலம் பலவீனப் பெட்டி நான்கு இருந்தது, பச்சையும் சிவப்புமாக அம்புக்குறிகள் இருந்தன. நாலாவது ஸ்லைடில் குழுவில் மூத்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இது உங்கள் பணமாக இருந்தால் போடுவீர்களா?" என்றார். "அது பல விஷயங்களைப் பொறுத்தது சார்" என்றேன். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை, கிடைக்காமல் போனது நியாயம்தான்.

எந்தக் கேஸாக இருந்தாலும் அதில் ஓர் எண் இருக்கும். அது கொஞ்சம் அசைந்தால் உங்கள் முடிவே மாறிவிடும். மற்ற எண்கள் அதே அளவு மாறினாலும் முடிவு அவ்வளவாக அசையாது. அதை நான் அச்சாணி எண் என்பேன். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்களே, அதுதான். முப்பது பக்கத்திலிருந்து அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது, அது எவ்வளவு இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதைச் சொல்வது, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று கேள்வி நேரத்தில் காப்பாற்றுவது. உங்கள் ஐந்து நாளும் இதற்குத்தான். ஸ்லைடு போடுவது அதில் ஒரு நாள் வேலை.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் நாள் மடிக்கணினியைத் திறக்காதீர்கள். கட்டை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். யார் கேட்கிறார்கள், என்ன முடிவு எடுக்க வேண்டும், எப்போதுக்குள் என்பதை மட்டும் முதலில் குறியுங்கள். அப்புறம் பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று ஒரே தாளில் கோடு போட்டு எழுதுங்கள். அந்தத் தாளில் இடம் பிடிக்காத பக்கங்களை ஒதுக்கிவிடுங்கள். தேங்காயின் மருத்துவ குணம் பற்றி ஒரு பக்கம், மில்லை நிறுவிய தாத்தாவின் படம் ஒரு பக்கம் என்று வேண்டுமென்றே சேர்த்திருப்பார்கள். எதைத் தூக்கிப் போடுகிறீர்கள் என்பதும் பரீட்சையில் ஒரு பகுதி.

நம் மில்காரர் கணக்கைப் பார்ப்போம். மக்கள்தொகை, வரி விகிதம், எண்ணெயின் எடை தவிர மற்ற எண்கள் பயிற்சிக்காக நான் போட்டவை.

2011 கணக்கெடுப்பின்படி பாலக்காடு மாவட்டத்தில் 28.1 லட்சம் பேர், திருச்சூரில் 31.2 லட்சம், எர்ணாகுளத்தில் 32.8 லட்சம். மொத்தம் 92 லட்சம். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 23 லட்சம் வீடு. வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் என்றால் 46 லட்சம் லிட்டர். அதில் பாதி பிராண்டு போட்ட பாட்டில், பாக்கெட் என்றால் 23 லட்சம் லிட்டர். புதிதாக வருகிறவருக்கு 2 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால் மாதம் 46,000 லிட்டர்.

இனி ஒரு லிட்டரில் என்ன நிற்கும்? பாட்டில் விலை 420 ரூபாய். அதில் 5 சதவீத ஜி.எஸ்.டி. 20 ரூபாய் போனால் 400. கடைக்காரருக்கும் ஏஜென்சிக்காரருக்கும் சேர்த்து 36 போனால் 364. பாட்டில், மூடி, நிரப்பும் கூலி 9, லாரி வாடகை 3. கையில் நிற்பது 352.

இப்போது மொத்தமாக விற்கும்போது என்ன கிடைக்கிறது? இந்தக் கேஸின் தகவல் கட்டில் "370 ரூபாய்" என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் பிராண்டு போட்டால் லிட்டருக்கு 18 ரூபாய் நட்டம், வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

இங்கேதான் குழி. மொத்த வியாபாரம் கிலோவில் நடக்கிறது, பாட்டில் லிட்டரில் விற்கிறது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 0.92 கிலோ. 370-ஐ 0.92-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 340. ஆக, பிராண்டு போட்டால் லிட்டருக்கு 12 ரூபாய் கூடுதலாக நிற்கிறது. ஓர் அலகைக் கவனிக்காமல் விட்டால் பதில் தலைகீழாகிவிடும். குழுவில் இருந்தபோது இந்த மாதிரிக் குழிகளை நாங்களும் வெட்டி வைத்ததுண்டு. அதனால் முதல் நாளே ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் கிலோவா லிட்டரா, மாதமா வருடமா, வரி சேர்த்தா சேர்க்காமலா, லட்சமா மில்லியனா என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். வாயில் சொல்ல எளிது. வேறு நாட்டிலிருந்து ஒருவர் வீடியோவில் உட்கார்ந்து கேட்கும்போது ஒரு பூஜ்யம் நழுவிவிடும். இன்னொரு குழி, ஓணம். ஓணம் வரும் சிங்ஙம் (நம் ஆவணி) மாத விற்பனையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்குகிறவர் மாட்டிக்கொள்வார்.

சரி, 12 ரூபாய். மூன்று மாவட்டத்துக்கும் விற்பனை ஆட்கள், விளம்பரம், மேலாளர் என்று மாதம் 6 லட்சம் செலவு என்று வையுங்கள். 6 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் 50,000 லிட்டர். விற்கப்போவது 46,000. மெஷினுக்குப் போட்ட பணம் இருக்கட்டும், மாதச் செலவுக்கே கட்டவில்லை. 90 லட்சத்தை மூன்று வருடத்தில் எடுக்க வேண்டும் என்றால் மாதம் இன்னும் இரண்டரை லட்சம், ஆக எட்டரை லட்சம். அதற்கு சுமார் 71,000 லிட்டர், அதாவது சந்தையில் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்.

இதில் அச்சாணி எது? சந்தை அளவு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பாட்டில் விலையும் மொத்த விலையும் சந்தை வைப்பது, அவற்றை அப்படியே விட்டு மற்ற ஒவ்வோர் எண்ணையும் பத்து சதவீதம் ஆட்டிப் பாருங்கள். லாரி வாடகை பத்து சதவீதம் ஏறினால் 30 பைசா. சந்தை பத்து சதவீதம் கூடினால் விற்பனை 50,600 லிட்டர் ஆகும், மாதச் செலவு அப்போதுதான் கட்டும். ஆனால் கடைக்கும் ஏஜென்சிக்கும் கொடுக்கும் 36 ரூபாய் 40 ஆனால்? 12 ரூபாய் 8 ஆகிறது. செலவு கட்டவே 75,000 லிட்டர் வேண்டும். 44 ஆனால் ஒன்றரை லட்சம் லிட்டர். 48 ஆனால் தலைகீழாக நின்றாலும் முடியாது. மாறாக 32-க்குச் சம்மதித்தால் 37,500 லிட்டர் போதும், 46,000-ல் லாபம். நாலு ரூபாய் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனால் 90 லட்சத்தின் தலையெழுத்து மாறுகிறது. அதுதான் அச்சாணி.

அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று இருக்கிறது. கட்டில் எங்கோ அடிக்குறிப்பில் கிடக்கும், கடன். மொத்த வியாபாரி சரக்கு இறங்கியதும் பணம் தருகிறார். கடைகள் 30 நாள் தவணை கேட்கும். 46,000 லிட்டரை 364 ரூபாய்க்கு விற்றால் சுமார் 1 கோடியே 67 லட்சம் எப்போதும் தெருவில் நிற்கும். வருடம் 12 சதவீத வட்டி என்றால் மாதம் ஒரு சதவீதம், லிட்டருக்கு 3 ரூபாய் 64 பைசா. உங்கள் 12 ரூபாய் சுமார் 8 ரூபாய் 40 பைசா ஆகிவிட்டது. லாப நட்டக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, பணம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்று பார்க்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். கடைக்காரர் மகனுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு இரண்டாம் நாள் எக்செல்லில் முடிந்துவிட வேண்டும். மூன்றாம் நாள் முடிவை வாக்கியமாக எழுதுங்கள். என் வாக்கியம் இப்படி இருக்கும்: "90 லட்சம் மெஷின் இப்போது வேண்டாம். பாலக்காடு மாவட்டத்தில் மட்டும், கூலிக்குப் பாட்டில் நிரப்பி, ஆறு மாதம் விற்றுப் பாருங்கள்."

அதற்குக் கணக்கு இது. பாலக்காட்டில் 7 லட்சம் வீடு, பாட்டில் சந்தை மாதம் 7 லட்சம் லிட்டர், 2 சதவீதம் 14,000 லிட்டர். கூலிக்கு நிரப்பினால் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் செலவு, 12 பத்தாகும். தவணை வட்டி போக 6 ரூபாய் 40 பைசா. மாதம் சுமார் 90,000 வரும். இரண்டு ஆள், ஒரு வண்டி, கொஞ்சம் விளம்பரம் என்று ஒன்றரை லட்சம் போகும். மாதம் 60,000 நட்டம், ஆறு மாதத்தில் 3 லட்சத்து 60 ஆயிரம். ஒரு லிட்டர்கூட விற்காவிட்டாலும் 9 லட்சமும் தேங்கிய பாட்டில்களும்தான் போகும். நட்டம் என்று தெரிந்தே செய்யச் சொல்கிறேன். ஏனென்றால் அந்தப் பணத்துக்கு அவர் வாங்குவது அச்சாணி எண்ணை. கடைக்காரர்கள் உண்மையில் 32 கேட்பார்களா, 44 கேட்பார்களா என்பது எந்தக் கட்டிலும் இருக்காது, விற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆறு மாதம் கழித்து கடைக்கும் ஏஜென்சிக்கும் போவது 36-க்கு மேல் ஏறாமலும், தவணை ஒரு வாரத்துக்குள் நின்றும், பாலக்காட்டில் மாதம் 24,500 லிட்டர், அதாவது 3.5 சதவீதம் எட்டியும் இருந்தால் மெஷின் வாங்கலாம். இல்லாவிட்டால் பழையபடி மொத்த வியாபாரம்.

"பாதியில் நிற்கும் முடிவு ஆயிற்றே, போடு அல்லது போடாதே என்று சொல்ல வேண்டாமா?" என்று கேட்பீர்கள். இது வழவழா முடிவு இல்லை. மெஷினுக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லியாயிற்று. எது நடந்தால் ஆமாம் ஆகும் என்பதை எண்ணோடு சொல்லியாயிற்று. "மேலும் ஆராய வேண்டும்" என்று மட்டும் சொன்னால்தான் வழவழா.

நாலாம் நாள் ஸ்லைடு. 1963-ல் மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனத்தில் சேர்ந்த பார்பரா மின்டோ என்ற பெண்மணி, அங்கே அறிக்கை எழுதுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இன்றும் இந்தத் தொழிலில் பால பாடம். முடிவு மேலே, அதைத் தாங்கும் மூன்று நாலு காரணம் அதன் கீழே, ஒவ்வொரு காரணத்தையும் தாங்கும் ஆதாரம் அதற்கும் கீழே, கோபுரம் மாதிரி. காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழக் கூடாது, எதுவும் விட்டுப்போகவும் கூடாது. இதைத்தான் 'மீசி' (MECE) என்று சுருக்கிச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது நேரெதிர்: முன்னுரை, பொருளுரை, கடைசியில் முடிவுரை. அந்தப் பழக்கம் சுலபத்தில் போகாது. மில் முதலாளிக்கு நடுவில் ஒரு போன் வந்து எழுந்து போய்விட்டாலும், முதல் ஸ்லைடில் அவருக்கு வேண்டியது கிடைத்திருக்க வேண்டும்.

அதனால் முதல் ஸ்லைடில் முடிவும், அதற்கான மூன்று காரணமும், எவ்வளவு பணம் என்பதும். இரண்டாவதில் ஒரு லிட்டர் கணக்கு: 420-இல் தொடங்கிப் படிப்படியாக இறங்கி 352-இல் நிற்கும் பட்டைப் படம், பக்கத்தில் 340. மூன்றாவதில் அச்சாணி: 32, 36, 40, 44 என்றால் எத்தனை லிட்டர் வேண்டும் என்று நாலே பட்டை, குறுக்கே 46,000-இல் ஒரு கோடு. உங்கள் இருபது நிமிடத்தில் ஆறு ஏழு நிமிடம் இந்த ஸ்லைடிலேயே நில்லுங்கள். நாலாவது பாலக்காட்டுச் சோதனை. ஐந்தாவது ஆறு மாதத்தில் யார் என்ன செய்வது, எது தெரிந்தால் நிறுத்துவது. சந்தை அளவுக் கணக்குக்குத் தனி ஸ்லைடு வேண்டாம், முதல் ஸ்லைடின் அடியில் ஒரு வரி போதும். கேட்டால் காட்ட, பின்னால் இரண்டு மூன்று உதிரி ஸ்லைடு வைக்கலாமா என்று மட்டும் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து என்றால் ஐந்துதான் என்று சிலர் கறாராக இருப்பார்கள்.

ஸ்லைடின் தலைப்பு முழு வாக்கியமாக இருக்கட்டும். "செலவுப் பகுப்பாய்வு" என்பது பெயர்ப் பலகை. "கடைக் கமிஷன் நாலு ரூபாய் ஏறினால் 75,000 லிட்டர் விற்க வேண்டும்" என்பது தலைப்பு. ஐந்து தலைப்பை மட்டும் தனித்தாளில் எழுதி அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். கதை புரிந்தால் ஸ்லைடு சரி. வட்டப் படம் வேண்டாம், பட்டையும் கோடும் போதும். வண்ணம், எழுத்துரு பற்றி வேறு யாராவது சொல்வார்கள், எனக்கு அதில் அக்கறை குறைவு. பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், அவர்கள் கணினியில் எழுத்து உடையலாம்.

ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுவனத்தின் விதி என்ன என்று அவர்களிடமே கேளுங்கள். ரகசியக் கட்டை அதில் ஏற்றுவது அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. அனுமதி இருந்தாலும் கணக்கை நீங்களே கையால் ஒரு தரம் போடுங்கள். "இந்த 0.92 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் முழிக்கக் கூடாது.

எல்லைப்புறத்தில் வளர்ந்ததால் கட்டில் இல்லாத விஷயங்களும் உங்களுக்குத் தெரியும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் வரிக்காகக் காத்துக்கிடப்பது போயிற்று என்பது நமக்குக் கண்ணால் பார்த்த சங்கதி. அதைச் சொல்லலாம், ஆனால் "இது கட்டில் இல்லை, என் சொந்த அனுபவம்" என்று பிரித்துச் சொல்லுங்கள். அதைத் தூணாக வைத்து முடிவைக் கட்டாதீர்கள். வரி விஷயமும் அப்படித்தான். சிறிய பாட்டிலில் வரும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்து, 2024 டிசம்பர் 18-ல்தான் உச்ச நீதிமன்றம், சின்னப் பாட்டில் என்பதற்காக மட்டும் அதைத் தலை எண்ணெய் ஆக்கிவிட முடியாது என்று தீர்த்து வைத்தது. அன்றைக்குச் சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், தலை எண்ணெய்க்கு 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெய்க்கும் 5 சதவீதம் ஆகிவிட்டது. ஆனாலும் இதே கேஸை அந்தத் தீர்ப்புக்கு முன் செய்திருந்தால், 200 மில்லி பாட்டில் போடலாமா என்ற கேள்வியே வேறு மாதிரி இருந்திருக்கும். உங்கள் கேஸில் இப்படி ஒரு சட்டமோ வரியோ விலையைப் பிடித்து ஆட்டுகிறதா என்று ஒரு மணி நேரம் தேடுங்கள். அதற்கு மேல் தேட வேண்டாம்.

இனி கேள்வி நேரம். என்னைக் கேட்டால் வேலை கிடைப்பதும் போவதும் இங்கேதான். ஸ்லைடை யாராவது சரிபார்த்துக் கொடுத்திருக்கலாம், ஆனால் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்று விதமாக இடிப்பார்கள். ஒன்று, எண்ணை மாற்றுவார்கள்: "எங்கள் வாடிக்கையாளர் கடைக் கமிஷன் 30-தான் என்கிறார்." முடிவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள், உடனே சரணடையவும் வேண்டாம். "சரி, 30 என்றால் லிட்டருக்கு 18 நிற்கும், 33,000 லிட்டரில் செலவு கட்டிவிடும், அப்போது மெஷின் பற்றி வேறு மாதிரி பேசலாம். ஆனால் புதுப் பெயருக்கு 30-இல் சம்மதிக்கிறார்களா என்று பார்க்கத்தான் ஆறு மாதம் கேட்கிறேன்" என்று சொன்னால் போதும். இதற்காகத்தான் அச்சாணி எண்ணின் நாலைந்து மதிப்புகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்.

இரண்டாவது, உங்கள் தவறைப் பிடிப்பார்கள். பிடித்தால் ஒப்புக்கொள்ளுங்கள், அங்கேயே காகிதத்தில் திருத்துங்கள், முடிவு மாறுகிறதா இல்லையா என்று சொல்லுங்கள். இதைப் பதறாமல் செய்த ஒரு பெண்ணை, மற்ற இரண்டு பேர் தவறே இல்லாமல் செய்திருந்தும், நாங்கள் எடுத்தோம். தவறே செய்யாத ஆள் இந்தத் தொழிலில் கிடையாது. வாடிக்கையாளர் முன்னால் பிடிபட்டால் என்ன செய்வார் என்பதுதான் குழுவுக்குத் தெரிய வேண்டியது.

மூன்றாவது, சும்மா இருப்பார்கள். பதில் சொல்லி முடித்த பிறகும் ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். நாமாக வாயைத் திறந்து, சொன்னதையே குழப்பி, இல்லாத விதிவிலக்கெல்லாம் சேர்த்து, கட்டிய வீட்டை நாமே இடிப்போம். சொன்னது சொன்னதாக இருக்கட்டும். தண்ணீர் குடியுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். தமிழ்ப் பள்ளி, மலையாளத்தில் அரசாங்கம், கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்களுக்கு மூன்றும் அரைகுறை என்று ஒரு தாழ்வு இருக்கும். எனக்கும் இருந்தது. சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், எண்ணைத் தெளிவாகச் சொல்லுங்கள், அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒத்திகையை மட்டும் தமிழில் தொடங்குங்கள். ஆங்கிலத்தில் "மதிப்புக் கூட்டல்", "உத்தி" என்று மினுக்கிவிட்டு நமக்கே புரியாததை மறைத்துவிடலாம். தமிழில் அப்பாவிடம் சொன்னால் மறைக்க முடியாது. "அப்படின்னா என்ன?" என்று கேட்டுவிடுவார். அவர் எங்கே முகம் சுளிக்கிறாரோ அங்கே உங்கள் வாதம் ஓட்டை. ஐந்தாம் நாள் காலையில் தமிழில் இரண்டு தரம், மாலையில் கடிகாரம் வைத்து ஆங்கிலத்தில் மூன்று தரம். இருபது நிமிடம் கொடுத்தால் பதினாறு பதினேழில் முடியுங்கள். குறுக்கே கேள்வி வராமல் இருக்காது.

ரகசியக் கட்டை அப்பாவிடம் விவரிக்க முடியாதே என்று யோசிப்பீர்கள். சரிதான், பெயர்களை எடுத்துவிட்டாலும் அதைத் தொடாதீர்கள். அதற்குப் பதில் நான் கொடுத்த எண்ணெய்க் கேஸை இன்று இரவு கடை சாத்திய பிறகு அவரிடம் சொல்லிப் பழகுங்கள். கேட்டு முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: பெயரே தெரியாத எண்ணெயைத் தட்டில் முன்வரிசையில் வைக்க ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அவர் எவ்வளவு எதிர்பார்ப்பார், எத்தனை நாள் தவணை கேட்பார்? ஏஜென்சிக்காரருக்கும் சேர்த்து 36 என்று போட்டேன், அது குறைச்சலோ என்று எனக்கே ஒரு சந்தேகம். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.